பூட்டியவனிடமே சாவி கேட்டுக் கெஞ்சாதீர்கள்!

2020 ஒக்டோபர் 19. மொன்றியலில் மெட்ரோவையும் பஸ்களையும் இயக்கும் எஸ்டிஎம் நிறுவனத்துக்குள் ரான்சம்வேர் என்ற பணம்பறிக்கும் தீநிரல் புகுந்தது. 1,600 சர்வர்களில் ஏறத்தாழ 1,000 பாதிக்கப்பட்டன. இணையதளம் முடங்கியது. மாற்றுத்திறனாளிகள் வண்டிக்குப் பதிவுசெய்யும் வசதி தடைபட்டது. தாக்கியவர்கள் கேட்ட மீட்புப் பணம் 28 லட்சம் அமெரிக்க டாலர். எஸ்டிஎம் பணிந்ததா? தர முடியாது என்று மறுத்தது! மெட்ரோ ஓடியது. பஸ் ஓடியது. முடங்கியதை ஊழியர்கள் உழைத்து மீட்டார்கள்.

அந்த நெஞ்சுரம் நமக்கும் வேண்டும்! "எனக்குக் கம்ப்யூட்டர் விளங்காது, பிள்ளை வந்து பார்க்கட்டும்" என்று ஒதுங்கும் அப்பாமாரே, அம்மாமாரே! கொட்டும் பனிக்குள் வேலைக்குப் போய், பிரெஞ்சு படித்து, குடும்பத்தை நிமிர்த்திய உங்களுக்கு நாலைந்து தீநிரல்களின் குணம் விளங்காதா?

வைரஸ் ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, நீங்கள் அதைத் திறக்கக் காத்திருக்கும். வோர்ம் யாருக்கும் காத்திராது. நெட்வொர்க் வழியே தானே பரவும். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாக்ரை அப்படித்தான் பரவியது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது; "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் பலர் மாட்டினார்கள்! ட்ரோஜன் நல்ல செயலி போல வேடமிட்டு, உங்கள் கையாலேயே உள்ளே வரும். ஸ்பைவேர் சத்தமில்லாமல் கடவுச்சொல்லைத் திருடும். ரான்சம்வேர் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும். இன்னும் சில, உங்கள் கணினியையே அடியாளாக்கிப் பிறரைத் தாக்கும். 2000 பெப்ரவரியில் யாஹூவையும் சிஎன்என்னையும் திணறடித்த 'மாஃபியாபாய்' அப்படிப் பிறர் கணினிகளைக் கைப்பற்றித்தான் தாக்கினான். அவன் யார்? இதே மொன்றியலில் வளர்ந்த 15 வயதுப் பையன்! எதிரே இருப்பது பூதமல்ல, மனிதன்தான்.

அவனுக்குத் தேவை உங்கள் பதற்றம். "பார்சலை ஒப்படைக்க முடியவில்லை, இணைப்பை உடனே திறக்கவும்" என்று மின்னஞ்சல் வருகிறதா? நிதானியுங்கள்! அனுப்பியவர் பெயரைத் தொட்டு, பின்னால் ஒளிந்திருக்கும் முகவரியைப் பாருங்கள். பெயர் தபால் நிறுவனத்துடையது. முகவரியோ வாயில் நுழையாத எழுத்துக் குவியல். அழித்துவிடுங்கள்!

இன்றிரவே அப்டேட்டைப் போடுங்கள். குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி வையுங்கள். செருகியே விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். நகல் உங்கள் அலமாரியில் இருக்கும்போது எவனிடமும் சாவிக்குக் கைநீட்ட வேண்டியதில்லை. "தர மாட்டேன்" என்று சொல்லும் துணிவு முன்கூட்டியே செய்த வேலையிலிருந்து பிறக்கிறது. அந்த வேலையை உங்களால் செய்ய முடியும். செய்யுங்கள்!