வெட்கம் மருந்தைத் தடுக்கலாமா?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

நாட்டுப்புறத்து அரபிகள் சிலர் ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என வினவினார்கள். செய்துகொள்ளுமாறு பணித்த நாயகம், முதுமை ஒன்றைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தின்றி வைக்கவில்லை என்றும் அறிவித்தார்கள். கேட்டவர்கள் பட்டணத்துச் சீமான்களல்லர். ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள். மருந்தில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதே அந்த பதிலின் பொருள்.

இன்று நம் கிராமங்களின் நிலை என்ன? புற்றுநோய் பட்டணத்துக்கும் வருகிறது, பட்டிதொட்டிக்கும் வருகிறது. ஆனால் கிராமத்தார் பலர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கின்றனர். தூரம், ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலை, அச்சம் இவை ஒருபுறம். நம் தாய்மார்களுக்கோ வெட்கம் மற்றொருபுறம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். எச்.பி.வி. என்ற கிருமியால் உண்டாகும் இது முற்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். தொடக்கத்தில் வலி இராது. அந்நிலையிலேயே கண்டால் எளிதில் நீக்கிவிடலாம். இக்கிருமி மிகப் பரவலானது. மணவாழ்க்கை வாழும் எந்தப் பெண்ணையும் அது தொற்றலாம். ஆகவே இந்நோயை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுவது அவதூறு என்னும் பெரும் பாவமாகும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை இதற்கென ஒரு முயற்சி நடைபெற்றது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே கர்ப்பப்பை வாயில் வினிகர் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்டறிந்தனர். தேவைப்பட்டோருக்குக் குளிரூட்டும் சிகிச்சையும் அளித்தனர். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தனர். ஒரே ஒருமுறை செய்த இச்சோதனையால், சோதனை நடைபெறாத ஊர்களைவிட அவ்வூர்களில் இந்நோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் வெளியான முடிவு கூறுகிறது. பெரிய ஆஸ்பத்திரி கட்டியா இதைச் சாதித்தார்கள்? இல்லை, மருத்துவம் ஊரைத் தேடிச் சென்றது, ஊரும் முன்வந்தது. ஆயினும் 17,968 பேர் வரவில்லையே! அவர்களை அழைத்துவருவது நர்சுகளால் மட்டும் ஆகுமா? ஊரார்தான் அழைத்துவர வேண்டும்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான், மறுப்பாரில்லை. ஆனால் மார்க்கத்தை அறிவதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழவில்லையா? அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்தார்கள். மருத்துவத்துக்கு அன்று பள்ளிவாசலில் இடமிருந்தது. இன்று நம் மஹல்லாவில் இடமில்லையா?

மருத்துவக் கலையை பர்ளு கிஃபாயா என்கிறார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஒருவரும் செய்யாவிடில் ஊர் முழுவதும் குற்றவாளியாகும் கடமை அது. ஆகவே, ஜமாஅத்தார்களே! ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அணுகி, பெண் நர்சுகளைக் கொண்டு மதரஸா கட்டிடத்தில் பெண்களுக்கென முகாம் நடத்துங்கள். பேஷ் இமாம்கள் ஜும்ஆவில் அதை அறிவிக்கட்டும். ஓதிக்கொடுக்கும் பெண்மணிகள் வீடு வீடாகச் சென்று பக்குவமாக எடுத்துரைக்கட்டும். ஏழைப் பெண்ணின் பயணச் செலவையும் இழந்த கூலியையும் பைத்துல்மாலிலிருந்து கொடுங்கள். நோய்க்குறி கண்டால் பெரிய ஆஸ்பத்திரிவரை துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். பாதியில் விட்டால் சோதித்தும் பயனில்லை. கணவன்மார்களே! மனைவி தானாகக் கேட்கமாட்டாள். நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

எல்லாம் தக்தீர் என்று சொல்லி வாளாவிருப்பது தவக்குல் ஆகாது. நோயும் அவன் நாட்டம்; மருந்தும் அவன் நாட்டமே.

நம் தாய்மார்களையும் சகோதரிகளையும் கொடிய நோய்களிலிருந்து காத்து, ஒருவருக்கொருவர் உதவும் உள்ளத்தை நமக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.