காரணம் எங்கே?

மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். சொல்ல வந்த முடிவு ‘பக்கம்’. அதற்கான காரணம் ‘ஏது’. அதை உறுதிசெய்யும் எடுத்துக்காட்டு ‘திட்டாந்தம்’. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுப்படியைப் போல. இவ்வளவுதான் அமைப்பு.

அடிகள் அதோடு நிறுத்தவில்லை. இந்த மூன்றிலும் நுழைந்துவிடும் ‘போலி’களையும் வகைப்படுத்திச் சொல்கிறார். ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு எனத் துணிவது அவற்றுள் ஒன்று.

இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செய்தியை இதில் வைத்துப் பாருங்கள். ‘இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும், எங்கள் சித்தப்பாவுக்குக் குணமாகிவிட்டது.’ முடிவு இருக்கிறது, எடுத்துக்காட்டும் இருக்கிறது. காரணம் எங்கே? சித்தப்பா மாத்திரையும் சாப்பிட்டாரா, உணவைக் குறைத்தாரா, நடைப்பயிற்சி தொடங்கினாரா? கேட்டால்தான் தெரியும்.

கேட்பதும் ஒரு கலை. ‘பொய் சொல்லாதே’ என்றால் பேச்சு அங்கேயே முறியும். ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்றால் சொன்னவரும் நம்மோடு சேர்ந்து யோசிப்பார். அதே கேள்வியை நம் பேச்சுக்கும் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

குரலை உயர்த்தினால் காரணம் வலுப்பெறாது. காரணம் வலுவாக இருந்தால் குரலை உயர்த்தவே வேண்டாம்.