கண்ணைத் திற, கம்பைக் கீழே போடு!

நடவு வயலில் "பாம்பு!" என்று ஒரு குரல் எழுந்தால் போதும். கம்பு வந்துவிடுகிறது, மண்வெட்டி வந்துவிடுகிறது. நிதானமாகப் பார்க்கிற கண் மட்டும் வருவதில்லை. அடித்துப் போட்ட பிறகு யாரோ ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "அட, வெறும் தண்ணிப்பாம்பு!" அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தம்பி, தங்கச்சி, அந்த அரண்ட கண் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்!

பயப்படுவதில் கேவலம் ஒன்றுமில்லை. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து மனிதர்கள், சேற்றில் கால் வைத்துச் சோறு போடுகிறவர்கள். அதனால்தான் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு பயப்படாதே. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பயப்படு!

தண்ணிப்பாம்பையே எடுத்துக்கொள். சீண்டினால் தலையைத் தூக்கும், கழுத்தைத் தட்டையாக்கும், சீறும், கடிக்கவும் செய்யும். நல்ல பாம்பு என்று நம்பி ஊரே ஓடும். நீ ஓடாதே. நாலு எட்டு தள்ளி நின்று அதன் கண்ணைப் பார். கண்ணுக்குக் கீழிருந்து வாயை நோக்கிச் சரிந்து இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிகின்றனவா? உடம்பெல்லாம் கறுப்புக் கட்டங்களா? செதில்கள் சொரசொரப்பாக இருக்கின்றனவா? அப்படியானால் அது மீனையும் தவளையையும் தின்று பிழைக்கும் பிராணி. மனிதனைக் கொல்லும் நஞ்சு அதற்கு இல்லை. நல்ல பாம்பின் உடம்பு வழவழவென்று இருக்கும்; எடுக்கும் படமும் அகன்று விரியும். ஒன்றை மறக்காதே: தண்ணீரில் நீந்துவதெல்லாம் தண்ணிப்பாம்பு ஆகிவிடாது. நல்ல பாம்பும் நன்றாக நீந்தும், எலியைத் தேடி வரப்புக்கும் வரும்.

கட்டுவிரியனிடம்தான் கண் இன்னும் கூர்மையாக வேலை செய்ய வேண்டும். கறுத்த, பளபளப்பான உடம்பு. மெல்லிய வெள்ளைக் கட்டுகள், பல இடங்களில் இரண்டிரண்டாக. கழுத்தருகே அவை மங்கியோ இல்லாமலோ இருக்கும், வால் பக்கம் போகப் போகப் பளிச்சென்று தெரியும். வீட்டுச் சுவரில் ஏறும் ஓநாய்ப் பாம்புக்கு இது தலைகீழ்: கழுத்தருகே கட்டுகள் தெளிவு, வால் பக்கம் மங்கல். அதனிடம் ஆபத்தான நஞ்சு கிடையாது. ஆனால் இரவில், டார்ச் வெளிச்சத்தில், கால் மாட்டில் கிடக்கும்போது இந்த வித்தியாசத்தை நம்பிக் கை நீட்டாதே! தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கட்டுவிரியன் வலி தெரியாமல் கடித்துவிடும். கொசுவலையை நன்றாகச் செருகிக்கொண்டு படு.

கண்ணாடி விரியன் சீண்டினால் எச்சரிக்கும். குக்கர் விசில் போல நீளமாகச் சீறும். தடித்த உடம்பில் கறுப்பு விளிம்பிட்ட நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக ஓடும். அதுவென்று தவறாக நினைத்து அடிக்கப்படும் மண்ணுளிப் பாம்பின் திட்டுகளோ தாறுமாறானவை.

இந்தப் பார்வை நமக்கெல்லாம் வருமா என்று கேட்காதே. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. சேற்றையும் புதரையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கிடைத்த மரியாதை அது! அவர்கள் பிடிக்கிறார்கள் என்று நீ பிடிக்கப் போகாதே. அவர்கள் பார்ப்பதைப் போல நீயும் பார்க்கப் பழகு. உன் ஊர் ஏரிக்கரையில் என்னென்ன பாம்பு உண்டு என்று படத்தை வைத்துக் கற்றுக்கொள். சந்தேகம் வந்தால் "எனக்குத் தெரியவில்லை, எல்லாரும் தள்ளி நில்லுங்கள்" என்று உரக்கச் சொல். தன்னை நம்புகிறவனால்தான் அதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடியும்.

யாரையாவது கடித்துவிட்டதா? அப்போது பாம்பை அடையாளம் காணும் வேலையே வேண்டாம். அடித்து எடுத்து வரவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது ஒரே மருந்துதான். கயிறு கட்டாதே, கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தைக் கொல்லாதே. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வை, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காதே, 108-ஐ அழை. வண்டி வர நேரமாகும் என்றால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, கிடைக்கிற வண்டியில் ஏற்றி, உடனே கிளம்பு!