மாடி அறைக்குப் போன குழம்பு

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து லியா சேஸ் அம்மையாரை நினைத்தால் என் கண்முன் வருவது ஒரு மாடிப்படிதான். 1946-இல் மருமகளாக வந்த அவர், புகுந்த வீட்டார் 1941-இல் தொடங்கியிருந்த சிறு சாண்ட்விச் கடையை முழு உணவகமாக வளர்த்தெடுத்தார். நான்கு பிள்ளைகளையும்தான்.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பது சட்டப்படி குற்றமாக இருந்த காலம். அவர் கடையின் மாடி அறையிலோ இரு நிறத்தவரும் கூடி உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் வகுத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கே வந்திருக்கிறார். மாவைக் கொழுப்பில் சிவக்க வறுத்து, நண்டும் இறாலும் போட்டுக் கொதிக்கவிட்டு, சோற்றில் ஊற்றித் தரும் 'கம்போ' கீழேயிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. அந்த அகப்பைக்கும் வரலாற்றில் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2005-இல் கத்ரீனா புயல் வெள்ளம் கடைக்குள் புகுந்தபோது அவருக்கு வயது 82. கடைக்கு எதிரே ஒரு டிரெய்லர் வண்டியில் கணவரோடு குடியிருந்து, மறுபடி திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தார். ஊர் அவரைக் கைவிடவில்லை. மற்ற உணவகத்தார் விருந்து நடத்தி நிதி திரட்டித் தந்தார்கள். தொழிலில் போட்டியாளர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள்!

தொண்ணூறு தாண்டியும் அடுப்படியை விடாதவர், 2019 ஜூன் 1 அன்று, 96 வயதில் மறைந்தார். கடையை இன்றும் குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள். அகப்பை இப்போது பேரன் கையில்.