ஏட்டில் ஏறாத வாழ்க்கை

2013 டிசம்பர் 11 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் ஒரு கணக்கும் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பிரிவில் வழக்குக்கு உள்ளானவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு என்றது தீர்ப்பு. மிரட்டிப் பிடுங்கப்பட்ட பணம், வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைகள், அடிபட்டும் புகார் கொடுக்கப் போகாதவர்கள் என எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஏட்டில் ஏறாதது நடக்காததற்குச் சமமாயிற்று. பால்புதுமையினரின் வரலாற்றை ஏன் சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு தீர்ப்பே பதில்.

2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமாகாது என்றது. அவ்வழக்கில் மனுதாரர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையைச் சொல்லி நீதி கேட்டார்கள். வரலாறு இவர்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

ஆனால் பதிவேடு எல்லாக் காலத்திலும் இவர்களுக்கு நன்மை செய்ததில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்றதும் தமிழ்நாட்டில் 1920-ன் பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூடு நினைவுக்கு வரும். 1871-ல் அச்சட்டம் முதலில் வந்தபோது அதன் இரண்டாம் பகுதி வடஇந்திய ஹிஜ்ராக்களைக் குறிவைத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெயரும் வசிப்பிடமும் எழுதப்பட்ட பதிவேட்டை வைத்துக்கொண்டுதான் அவர்களைக் கண்காணித்தார்கள். பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919-ல் தொடங்கிய பாலியல் ஆய்வு நிலையத்தை 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் சூறையாடினார்கள்; நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் எரிந்தன. காவல்துறை வைத்திருந்த பெயர்ப்பட்டியல்களோ ஆட்களைத் தேடிப் பிடிக்க உதவின.

பதிவாகாமல் மறைந்துபோவது, பதிவாகி மாட்டிக்கொள்வது என்ற இந்த இரண்டு ஆபத்தும் ஒருசேர நிற்கும் இடம் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைப் பகுதி. தன்பாலினத் திருமண வழக்கில் ஒன்றிய அரசு, இக்கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று வாதிட்டது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமண உரிமையைத் தரவில்லை. ஆனாலும் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்புரையில் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார். அடுத்த முறை அதே வாதம் வந்தால், மாவட்டம் மாவட்டமாகக் கிராமங்களிலிருந்து வந்து கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட்டுக்குப் போகிறவர்களின் வாழ்க்கையைவிட வலுவான மறுப்பு எங்கே கிடைக்கும்? 2024 ஆகஸ்டில் இப்பகுதியின் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. சொந்தச் சம்பளமும் ஊர்க்கண் படாத ஓர் அறையும் கிடைத்தால், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம், மனதுக்குப் பிடித்தவரோடு சேர்ந்து வாழலாம். இத்தனை பேரில் அப்படி வாழ்கிறவர் ஒருவரும் இல்லை என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. 2014 நவம்பரில் மூடப்பட்ட இங்கிருந்த நோக்கியா ஆலையில் வேலைபார்த்த ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த ஆண்டில் வேலையிழந்து கலைந்துபோனார்கள். அவர்களுடைய அறைகளில் தழைத்திருக்கக்கூடிய உறவுகளின் கதையை யாரும் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு பெயர் வெளியே தெரிந்தால் நடப்பது என்ன? ஹாஸ்டல் வார்டன் வீட்டுக்குப் போன் செய்வார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது. அண்ணனும் மாமாவும் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். திருநங்கைகளான ரேவதி ‘உணர்வும் உருவமும்’ நூலைத் தொகுத்ததும், லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான், வித்யா’ எழுதியதும் அவர்களாக முன்வந்து செய்தவை. அந்தத் துணிச்சலை ஒப்பந்தத் தொழிலாளியிடம் கேட்டுவாங்க எந்த ஆய்வாளருக்கும் உரிமையில்லை. வரலாற்றின் நன்மை பொதுவானது, ஆபத்தோ சொன்னவர் ஒருவரின் தலையில் விழுகிறது. ஆகவே முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். சொன்னதை நாளை திரும்பப் பெறவும், பெயரை மறைக்கவும், தம் ஆயுள்வரை பூட்டிவைக்கச் சொல்லவும் அவருக்கு வழி இருக்க வேண்டும். இதற்கான இடங்களும் இல்லாமல் இல்லை. மதுரையில் பிரியா பாபு திருநர் ஆவண மையம் நடத்துகிறார். பெங்களூருவில், தேசிய சட்டப் பள்ளியில் பால்புதுமையினருக்கான கம்ரா ஆவணக் காப்பகம் இருக்கிறது.

இறந்தவர்களின் விஷயம் இதைவிடக் கடினம். சேர்ந்து உயிரை விட்ட இரு பெண்களைப் பற்றிய செய்திகள் தமிழ் நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கின்றன. செய்தியாகாத சாவுகளுக்குத் ‘தீராத வயிற்றுவலி’ என்ற காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. மானத்துக்கு அஞ்சும் குடும்பத்தின் துயரத்தை மதிக்கத்தான் வேண்டும், அதற்காகப் பெயரை மறைத்துவிடலாம். சாவின் காரணத்தைப் பொய்யாக எழுதிக்கொள்ளும் உரிமை மட்டும் குடும்பத்துக்குக் கிடையாது. அந்தப் பொய், இன்று அதே நிலையில் அடைபட்டிருக்கும் இன்னொருத்தி நீதிமன்றத்தில் காட்டக்கூடிய சான்றை அழிக்கிறது. வீட்டாருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு இளம்பெண்களின் வழக்கில்தான், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் காவல்துறையின் தொல்லைக்கும், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’க்கும் தடைபோட்டார். அவர்கள் உயிரோடு வந்து சொன்னதால் அது சாத்தியமாயிற்று.

ஒரு பெண் தொழிலாளி இறந்தால் ஹாஸ்டலில் இருக்கும் பெட்டி பெற்றோரிடம் போகிறது. உள்ளே இருக்கும் படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் அன்றோடு சரி. குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழி இல்லை என்றும், தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, அதே அறையில் அவளோடு வாழ்ந்தவளையும் அழைத்துக் கேட்பதே நியாயம்.