செங்குன்றூரும் அன்புடைமைத் திருமந்திரமும்



பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில், அன்புடைமை என்னும் பகுதியின் முகப்பில் நிற்பது ஒரு பாடல். நான்கே அடிகள், அடிதோறும் அன்பென்னுஞ் சொல்லே முதலாக வருவது. சிறுவரும் அதனை நெட்டுருச் செய்வர். மேடைதோறும் அஃது ஒலிக்கும். அங்ஙனம் எளிதிற் பயின்ற காரணத்தானே, அதன் பொருள் செவியளவில் நின்றுவிடுதலும் உண்டு. அடியேன்பால் பல்லாண்டு அவ்வாறே நின்றது. திருச்செங்கோட்டில் அஃது எனக்குப் பொருளாகிய வரலாற்றை ஈண்டு விண்ணப்பித்துக் கொள்ளுகின்றேன்.

அன்பையும் சிவத்தையும் வேறுவேறாகக் கருதுவாரை முதற்கண் சுட்டி, அவற்றின் ஒருமை உணரப்படாமையை அடுத்துக் கூறி, பின்னர் உணர்வு வாய்த்தலைச் சொல்லி, ஈற்றடியில் அவ்வொருமையில் நிலைபெற்று இருத்தலைப் பேசுகின்றார் திருமூல நாயனார். பாடல் அறிதலோடு முடிந்திலது, இருத்தலில் முடிந்தது. இதுவே உற்று நோக்கற்பாலது.

அற்றேல், அன்பு உயிரின் குணம், சிவம் பதிப்பொருள், பசுவின் குணம் பதியாதல் யாங்ஙனம் எனின், கூறுதும். ஞாயிறும் கதிரும்போலச் சிவமும் சத்தியும் தாதான்மியமாய் நிற்பன. அச்சத்தியே திருவருள். மலமறைப்பு நெகிழுந்தோறும் அவ்வருளே உயிரினிடத்து அன்பாய் வெளிப்படுகின்றது. சேலம், நாமக்கல் பக்கத்துப் புன்செய்களில் கிணறு வெட்டுவாரைக் காண்மின். அவர் நீரைப் படைப்பாரல்லர். மண்ணையும் பாறையையும் அகற்றுவாரே ஆவர். ஊற்று உள்ளே உள்ளது. ஆகலின், உயிரே சிவம் என்பது இப்பாடற் கருத்தன்று. உயிரில் ஊறும் மெய்யன்பு சிவத்தின் வேறன்று என்பதே கருத்து. சிவஞானபோதப் பதினொராஞ் சூத்திரம் அயராத அன்பினால் திருவடி எய்துதலைக் கூறியதும் இதுபற்றியே என்க.

இவ்வுண்மை திருவுருக்கொண்டு நிற்பது திருக்கொடிமாடச்செங்குன்றூர். 1997 ஆம் ஆண்டிற் சேலத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின்கண், சமவெளியினின்றும் எழுந்த மலைமீது விளங்கும் அத்தலம், கொங்குநாட்டுப் பாடல்பெற்ற ஏழு தலங்களுள் ஒன்று. ஆங்கு இறைவன் மாதொருபாகனாய் நின்றருளுகின்றான். அம்மையை விடுத்து அப்பனை மட்டும் வலம்வந்த பிருங்கி முனிவர் வலியிழந்து, மூன்றாங்காலின் துணைகொண்டு நின்ற கதையைத் தலவரலாறு கூறும். அருளை நீக்கிச் சிவத்தைத் தேடுவார் தம் காலில் நிற்றலும் அரிது என்பதன்றோ அதன் உள்ளுறை! மூலவரின் திருவடிக்கண் ஊறும் தேவதீர்த்தத்தை அடியார்க்கு வழங்குவர். மேற்கூறிய ஊற்றினை அது நினைப்பிக்கும்.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் இத்தலத்தில் எழுந்தருளியிருந்த காலத்து, குளிர்காலத்துச் சுரநோய் அவருடன் வந்த அடியாரைப் பற்றியது. பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் பாடியருள, நோய் அடியாரை விட்டதோடு அந்நாட்டையும் விட்டகன்றது எனச் சேக்கிழார் பெருமான் அருளுவர். அப்பதிகத்தில் இரண்டு நுட்பங்கள் காண்க. நோயுற்றார் அடியார், பாடினார் பிள்ளையார், எனினும், நம்மைத் தீவினை தீண்டாது எனத் தன்மைப் பன்மையிலேயே பதிகம் நடக்கின்றது. துன்பத்திற்கு முன்வினையைக் காரணங்காட்டி, உய்யும் நெறி நாடாதிருத்தல் ஊனமென்று முதற்பாட்டே இடித்துரைக்கின்றது. ஆணையாக வைத்ததோ, பிறர் உய்தற்கு நஞ்சுண்ட கண்டத்தை.

இனி அடியேன் குற்றம் சொல்லுகின்றேன். மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், தறித்தொழிலாளர் ஒருவரின் இளமகன் காய்ச்சலாற் கிடந்தான். தந்தையார் என்னை வழிமறித்து, "சாமி, நல்ல வார்த்தை ஒன்று சொல்லுங்கள்" என்றார். "எல்லாம் முன்வினைப்பயன், பொறுத்துக்கொள்க" என்று கூறி, வழிபாட்டுக்கு நேரமாயிற்றென மலையேறினேன். அவர் மறுமொழி கூறாது கைகூப்பி நின்றார். மாலையில் திருமுறை ஓதுங்கால் திருநீலகண்டப் பதிகத்தின் முதற்பாட்டுக்கு மேல் என் நா எழவில்லை. நான் கூறியது சித்தாந்தமே என்றிருந்தேன். சம்பந்தப்பெருமான் அதனை மறுத்திருத்தலை அன்றே கண்டேன். அம்மனையை விடுத்து மலைக்குச் சென்ற நானன்றோ, அன்பையும் சிவத்தையும் இரண்டாக்கியவன்! பிருங்கி முனிவரின் மூன்றாங்கால் என் நினைவில் வந்தது.

மறுநாட் காலை அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். மருந்து வாங்கச் சென்றுவந்தேன். உபதேசம் ஒன்றும் செய்திலேன். மருத்துவர் கைவண்ணத்தாற் சிறுவன் எழுந்தான். கற்பாறையாய்க் கிடந்த என் நெஞ்சிலும் சிறிது நீர்க்கசிவு கண்டேன்.

வினையுண்டு என்பது நம் சமயத்தின் துணிபு, அதில் ஐயமில்லை. ஆயினும் அக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு உரிய துணையேயன்றி, பிறர் துன்பத்தைக் கடந்துபோதற்கு உரிய வாயிலன்று. மலங்கழீஇ அன்பரொடு மருவுதலைச் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது. மருவுதல் என்பது அருகிருத்தலேயாம். திருமூலர் பாடல் இருத்தலில் முடிந்ததன் பொருளும் எனக்கு அதுவே. நோயுற்றார் பக்கலில் அன்பாய் அமர்ந்திருக்கும் பொழுதைச் சிவபூசைக்கு இடையூறென்று எண்ணாதிருக்கும் உள்ளத்தை, மாதொருபாகன் நமக்கெல்லாம் அருளுவானாக.

திருச்சிற்றம்பலம்.