அறியாமையும் தீங்கு செய்யாமையும்

ஆங்கிலத்தில் 'இன்னொசென்ட்' என்றொரு சொல் உண்டு. அதற்குக் 'குற்றமற்றவர்' என்றும், 'ஏதுமறியாதவர்' என்றும் பொருள் கூறுவர். வகுப்பறையில் பல்லாண்டுகள் நாமும் அவ்வாறே கற்பித்தோம். ஆயின், அச்சொல்லின் வேர் கூறுவது வேறு.

இலத்தீனில் பிறந்த இச்சொல், பிரெஞ்சு மொழிவழி 14-ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலம் புகுந்தது. 'நொகேரே' என்பது தீங்கு செய்தலைக் குறிக்கும் வினை. 'இன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. எனவே, 'தீங்கு செய்யாத' என்பதே முதற்பொருள். நாம் அன்றாடம் வழங்கும் 'நியூசென்ஸ்' என்னும் சொல்லும் அவ்வினைவழி வந்ததே. வடமொழி 'நாச' என்பதும் அதே பழைய வேரினின்று கிளைத்தது என்பர் மொழிநூலார். 'அகிம்சை'யில் அகரம் முன்னின்று மறுக்கிறது. வள்ளுவர் 32, 33-ஆம் அதிகாரங்களாக வைத்த 'இன்னா செய்யாமை', 'கொல்லாமை' என்பவற்றில் மறுப்பு வினையோடு இணைந்து நிற்கிறது. கருத்து ஒன்றே.

பின், 'அறியாதவர்' என்ற பொருள் எங்ஙனம் வந்தது? குழந்தை தீங்கு செய்யாது, உலகியலும் அறியாது. ஒன்றைச் சுட்டிய சொல் மற்றொன்றையும் சுட்டலாயிற்று.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஒருமுறை எம் வகுப்பில் தேர்வுக் கட்டணப் பணம் காணாமற்போயிற்று. ஒரு மாணவியை ஐயுற்று, பிற்பகல் முழுதும் வெளியே நிற்கச் செய்தோம். மறுநாள் அப்பணம் எம் வருகைப் பதிவேட்டின் உறைக்குள்ளேயே கிடைத்தது. 'அறியாமற் செய்தோம்' என்று எம்மைத் தேற்றிக்கொண்டோம். நாம் கற்பித்த பொருளின்படி நாமும் 'இன்னொசென்ட்', வேர்ப்பொருளின்படி அல்லோம்.

அறியாமல் நேரும் தீங்கெல்லாம் குற்றமாகுமோ? உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என வரையறுத்தார். பிரமாதமாவது விழிப்பின்மை. நிலம் நோக்கி நடப்பவர் காலடியில் தற்செயலாய்ப்பட்ட எறும்பும், நோக்காது நடப்பவர் மிதித்த எறும்பும் ஒன்றல்ல. பதிவேட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நாம் புரட்டவில்லை. எம் அறியாமை எம் விழிப்பின்மையால் வந்தது.

அம்மாணவியை உள்ளே அழைத்து அமரச் சொன்னோம். வகுப்பினர்முன் பிழையை ஒப்பவில்லை. எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டி நிற்கும்போது, இன்றும் அவள் முகமே முதலில் தோன்றுகிறது.

அன்பர்களே, 'எமக்குத் தெரியாது' என்று கூறுமுன், தெரிந்துகொள்ள முயன்றோமா என்று ஒருகணம் நம்மையே வினவுவோமாக.